ஒஸ்லோவில் வென்றால் திருப்பூரில் காசு கைக்கு வருமா?

கேள்வி

ஒஸ்லோவில் சிறியதோர் ஏ.எஸ். கம்பனி நடத்துகிறேன். திருப்பூரில் இருந்து குழந்தைகளின் பருத்தி உடுப்புகளை எடுப்பித்து இங்குள்ள கடைகளுக்குக் கொடுப்பதுதான் தொழில். மனைவியும் நானும்தான் எல்லாம், வேலையாட்கள் கிடையாது. கோடைகால உடுப்புக்காக 6 இலட்சம் குரோனர் முற்பணம் அனுப்பினேன். சரக்கு வரவில்லை. நூல் விலை ஏறிவிட்டது என்றார்கள், சாயப்பட்டறையில் தாமதம் என்றார்கள், இப்போது தொலைபேசியே எடுப்பதில்லை. அங்கே எங்களுக்குச் சரக்குப் பார்த்துக் கொடுக்கும் ஏஜென்ட், "அவங்க மஞ்சள் நோட்டீஸ் குடுத்துட்டாங்க சார்" என்கிறார். ஆனால் இரண்டு கிழமைக்கு முன் வந்த மின்னஞ்சலில், வழக்குச் சென்னை என்.சி.எல்.டி.யில் (தேசிய கம்பனிச் சட்டத் தீர்ப்பாயத்தில்) இருப்பதாகவும் என் கோரிக்கையைப் படிவத்தில் அனுப்பச் சொல்லியும் இருக்கிறது.

எங்கள் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில், "பிணக்குகள் ஒஸ்லோவில், அன்சிட்ரால் மாதிரிச் சட்டத்தின்படி நடுத்தீர்ப்பினால் தீர்க்கப்படும்" என்று ஒரு வரி உண்டு. கணக்காளரான நண்பர் ஒருவர், நோர்வேக்கும் இந்தியாவுக்கும் ஒரே மாதிரிச் சட்டம்தான், இங்கே வோல்ட்கிஃப்ட் (நடுத்தீர்ப்பு) வைத்து வென்றால் அங்கே அப்படியே செல்லும் என்கிறார். இன்னொருவரோ, நோர்வீஜியன் விமானக் கம்பனி அயர்லாந்து நீதிமன்றத்துக்குப் போய்க் கடனை வெட்டவில்லையா, வங்குரோத்துக்கு எல்லை இல்லை, நீங்களும் அவர்களை ஒஸ்லோவிலேயே கொன்கூர்ஸ் (வங்குரோத்து) ஆக்கலாம் என்கிறார். எது சரி? அந்தப் படிவத்தை நிரப்பினால் நடுத்தீர்ப்புக்குப் போகும் உரிமை போய்விடுமோ என்றும் பயமாக இருக்கிறது.

– வாசகர், குரூருட், ஒஸ்லோ

பதில்

முதலில் அந்தப் படிவத்தை நிரப்பி அனுப்புங்கள். மிச்சத்தைப் பிறகு வாசிக்கலாம். மின்னஞ்சல் வந்து இரண்டு கிழமை போய்விட்டது என்கிறீர்கள். அதுதான் எனக்குக் கவலை. ஒப்பந்தத்தில் நடுத்தீர்ப்பு வரி இருக்கிறதோ இல்லையோ, வங்குரோத்து நடவடிக்கைக்குள் போய்விட்ட கம்பனியிடம் காசு வரவேண்டிய எல்லாரையும் இந்தியச் சட்டம் அந்தப் படிவத்துக்குத்தான் அனுப்புகிறது. அனுப்பினால் நீங்கள் இழப்பது ஒன்றுமில்லை. அனுப்பாவிட்டால் எல்லாமே போகலாம். மீட்புத் திட்டம் ஒன்று அங்கீகரிக்கப்பட்டால், அதில் இடம்பெறாத பழைய கோரிக்கைகள் அத்தோடு அணைந்துவிடும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரலில், கன்ஷியாம் மிஸ்ரா வழக்கில், தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அதன் பிறகு ஒஸ்லோவில் எவ்வளவு நல்ல தீர்ப்பு வாங்கினாலும் அதைக் கொடுத்துக் காசு கேட்க அங்கே ஆள் இருக்காது.

இனி உங்கள் நண்பர்களின் பேச்சுக்கு வருகிறேன். இருவருமே பாதி உண்மையைச் சொல்கிறார்கள். அந்தப் பாதி உண்மையை நம்பிச் செலவழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மாதிரிச் சட்டம் என்பது சட்டம் அல்ல. தையற்கடையில் கடதாசியில் வெட்டி வைத்திருக்கும் அளவு போன்றது. துணி அந்தந்த நாட்டு நாடாளுமன்றத்துடையது. எங்கே கூட்டுவது, எங்கே குறைப்பது என்பதும் அவர்கள் விருப்பம். ஐ.நா. பொதுச்சபை 1966 டிசம்பரில் உருவாக்கிய சர்வதேச வர்த்தகச் சட்ட ஆணைக்குழுதான் அன்சிட்ரால். இன்று அது வியன்னாவில் இருக்கிறது. அது வெட்டிக் கொடுத்த அளவுகளில் இரண்டு உங்கள் விடயத்தோடு தொடர்புடையவை. ஒன்று 1985 ஆம் ஆண்டின் வர்த்தக நடுத்தீர்ப்பு மாதிரிச் சட்டம், 2006 இல் திருத்தப்பட்டது. மற்றது 1997 ஆம் ஆண்டின் எல்லை கடந்த வங்குரோத்து மாதிரிச் சட்டம். முதலாவதை 90க்கும் மேற்பட்ட நாடுகள் தங்கள் சட்டமாக்கிக்கொண்டன. இரண்டாவதற்கு அந்த வரவேற்புக் கிடைக்கவில்லை. உங்கள் சிக்கலின் வேர் இந்த வேறுபாட்டில் இருக்கிறது.

முதலில் உங்கள் ஒப்பந்தத்தின் அந்த ஒரு வரி. "அன்சிட்ரால் மாதிரிச் சட்டத்தின்படி" என்று எழுதியவர் இரண்டு விடயங்களைக் குழப்பிவிட்டார். மாதிரிச் சட்டம் நாடாளுமன்றங்களுக்காக எழுதப்பட்டது. ஒப்பந்தம் செய்யும் இரு தரப்பாருக்காக அதே ஆணைக்குழு 1976 இல் வெளியிட்டது நடுத்தீர்ப்பு விதிகள். நீங்கள் எழுத நினைத்தது அந்த விதிகளையாகத்தான் இருக்கும். ஆனால் வரி செத்துவிடவில்லை. இடம் ஒஸ்லோ என்று இருப்பது அதைக் காப்பாற்றிவிட்டது. இடம் ஒஸ்லோ என்றால் நோர்வேயின் நடுத்தீர்ப்புச் சட்டம் பொருந்தும். 2004 மே 14 இல் இயற்றப்பட்டு, 2005 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டம் மாதிரிச் சட்டத்தைப் பின்பற்றி எழுதப்பட்டதுதான். அதற்கு முன் 1915 ஆம் ஆண்டுக் குடியியல் வழக்குச் சட்டத்தின் ஓர் அத்தியாயத்தை வைத்துத்தான் இங்கே காலம் போயிற்று.

அதே வரியில் இல்லாமல் போன ஒன்று உங்கள் பணப்பையைத் தொடும். எத்தனை நடுத்தீர்ப்பாளர் என்று எழுதவில்லை. எழுதாவிட்டால் நோர்வேச் சட்டப்படி மூன்று பேர். இந்தியச் சட்டத்தில் என்றால் ஒருவர். ஒரே அளவில் வெட்டிய இரண்டு சட்டைகள் தோளில் எப்படி வேறுபடுகின்றன பாருங்கள். 6 இலட்சம் குரோனர்ப் பிணக்குக்கு மூன்று பேரின் கட்டணம், மண்டபம், மொழிபெயர்ப்பு, உங்கள் சட்டத்தரணி என்று கூட்டினால், கேட்கும் தொகையில் பெரும்பகுதி கேட்பதிலேயே கரைந்துவிடும். இரகசியம் பேணும் கடமையும் இங்கே தானாக வராது, தரப்பார் தனியே உடன்பட வேண்டும். நடுத்தீர்ப்பு என்றாலே மூடிய அறை என்று நினைத்து வருபவர்கள் இதைக் கேட்டு அதிர்ந்துபோவார்கள்.

கணக்காளர் நண்பர் சொன்னதில் உண்மையான பாதி இதுதான்: ஒஸ்லோவில் பெறும் நடுத்தீர்ப்பு இந்தியாவில் செல்லும். ஆனால் அதைத் தூக்கிச் செல்வது மாதிரிச் சட்டம் அல்ல, 1958 ஆம் ஆண்டின் நியூயார்க் உடன்படிக்கை. இந்தியா 1960 இலும் நோர்வே 1961 இலும் அதில் சேர்ந்தன. இந்தியா ஒரு நிபந்தனை வைத்திருக்கிறது: எந்த நாட்டில் தந்த தீர்ப்பை ஏற்பது என்பதை அரசிதழில் அறிவிக்க வேண்டும். அந்தப் பட்டியலில் நோர்வே இருக்கிறது. ஆகவே நல்லகாலத்தில், அதாவது எதிர்த்தரப்பு உயிரோடு தொழில் செய்துகொண்டிருக்கும் காலத்தில், நீங்கள் ஒஸ்லோத் தீர்ப்பை எடுத்துக்கொண்டு நேராகச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். தீர்ப்பு நோர்வேஜிய மொழியில் இருந்தால் முறைப்படி சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும். வழக்கின் சரி பிழையை அங்கே மறுபடி கிளற முடியாது. மறுப்பதற்கான காரணங்கள் எண்ணிச் சொல்லக்கூடியவை.

இதே உடுப்புக்காக நீங்கள் ஒஸ்லோ நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு வென்றிருந்தால் நிலைமை இதைவிட மோசம். வெளிநாட்டு நீதிமன்றத் தீர்ப்பை நேரடியாக நிறைவேற்ற இந்தியா சில நாடுகளைத்தான் அறிவித்திருக்கிறது. பிரித்தானியா, சிங்கப்பூர், மலேசியா போன்றவை அதில் உண்டு, நோர்வே இல்லை. ஒஸ்லோத் தீர்ப்பை ஆதாரமாக வைத்து அங்கே புதிதாக வழக்குத் தொடுக்க வேண்டியிருக்கும். நீதிபதி எழுதிய தீர்ப்பு நின்றுவிடுகிறது, தனியாட்கள் மூவர் எழுதிய தீர்ப்பு கடல் தாண்டுகிறது. கேட்பவர்கள் நம்ப மறுப்பார்கள், ஆனால் உலக வணிகம் நடுத்தீர்ப்பை விரும்புவதற்கு முதற் காரணமே இதுதான். எனவே ஒப்பந்தத்தில் நடுத்தீர்ப்பு என்று போட்டது பிழையல்ல.

பிழைத்துப்போனது காலம். இந்திய நொடிப்பு மற்றும் திவால் சட்டம், 2016 இன் 14 ஆம் பிரிவைப் பாருங்கள். தீர்ப்பாயம் மனுவை ஏற்ற நாளிலேயே ஒரு தடையுத்தரவு இறங்கும். அந்தக் கம்பனிமீது புதிய வழக்குப் போடுவது, நடப்பதைத் தொடர்வது, தீர்ப்பை நிறைவேற்றுவது எல்லாம் நிற்கும். நடுத்தீர்ப்பையும் பெயர் சொல்லியே அந்தப் பிரிவு குறிப்பிடுகிறது. ஒஸ்லோவில் உட்காரும் மூன்று நடுத்தீர்ப்பாளர்களின் கையை இந்தியச் சட்டம் நேரே வந்து பிடிக்காது, உண்மைதான். நீங்கள் தொடங்கலாம், வெல்லவும் கூடும். அந்த வெற்றியோடு சென்னையில் இறங்கும்போது கதவு பூட்டியிருக்கும். தீர்ப்பாயம் நியமித்த அதிகாரி ஒஸ்லோவுக்கு வந்து வாதாடவும் போவதில்லை. செலவழித்த காசு உங்களுடையது.

இங்கேதான் இரண்டாவது மாதிரிச் சட்டம் வரவேண்டும். அதன் எண்ணம் அழகானது. 1991 நவம்பரில் ராபர்ட் மேக்ஸ்வெல் இறந்தபின் அவருடைய பத்திரிகைப் பேரரசு சரிந்தது. ஒரே கம்பனி இலண்டனிலும் நியூயார்க்கிலும் ஒரே நேரத்தில் நீதிமன்றத்தின் கையில் இருந்தது. இரண்டு நாட்டு நீதிபதிகளும் இழுபறிப்படாமல், யார் எதைச் செய்வது என்று ஓர் இணக்க ஏற்பாட்டை ஒப்புக்கொண்டார்கள். அப்படியான ஒத்துழைப்புக்குச் சட்டத்திலேயே இடம் வைத்தது 1997 ஆம் ஆண்டு மாதிரிச் சட்டம். கம்பனியின் முதன்மை நலன்கள் எந்த நாட்டில் குவிந்திருக்கின்றனவோ அந்த நாட்டு நடவடிக்கை முதன்மையானது. மற்ற நாட்டு நீதிமன்றங்கள் அதை அங்கீகரித்துத் தங்கள் நாட்டில் உள்ள சொத்துகளை யாரும் பிய்த்துக்கொண்டு போகாதபடி நிறுத்தி வைக்கும். வெளிநாட்டுக் கடன்காரருக்கும் உள்நாட்டாருக்கும் ஒரே மதிப்பு. அமெரிக்கா 2005 இலும் பிரித்தானியா 2006 இலும் சிங்கப்பூர் 2017 இலும் இதை எடுத்துக்கொண்டன.

எடுத்துக்கொண்டவர்களின் பட்டியலில் நோர்வேயும் இல்லை, இந்தியாவும் இல்லை. நடுத்தீர்ப்பு மாதிரியைக் கையில் எடுத்த அதே இரண்டு நாடுகள் வங்குரோத்து மாதிரியை மேசையிலேயே விட்டுவிட்டன. நோர்வேக்கு அக்கம்பக்கத்தோடு ஒரு பழைய உறவு உண்டு: டென்மார்க், சுவீடன், பின்லாந்து, ஐஸ்லாந்து ஆகியவற்றோடு 1933 நவம்பரில் கோபன்ஹேகனில் ஒப்பமிட்ட நோர்டிக் வங்குரோத்து உடன்படிக்கை. ஒஸ்லோவில் கொன்கூர்ஸ் ஆன கம்பனியின் கோபன்ஹேகன் வங்கிக் கணக்குவரை அதன் கை நீளும். இந்த நோர்டிக் நாடுகளைத் தாண்டியதும் கை குட்டையாகிவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தின் வங்குரோத்து ஒழுங்குவிதி நோர்வேக்குப் பொருந்தாது, ஏனென்றால் நோர்வே ஒன்றியத்தின் உறுப்பு நாடு அல்ல.

நோர்வீஜியன் விமானக் கம்பனியின் கதையை இந்த இடத்தில் சரியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் நம்மவர்களிடையே அது தலைகீழாகப் பரவியிருக்கிறது. கொரோனாக் காலத்தில், 2020 நவம்பர் 9 இல், மேலதிக உதவி தருவதில்லை என்று நோர்வே அரசு கையை விரித்தது. நவம்பர் 18 இல் கம்பனி டப்ளின் உயர் நீதிமன்றத்தின் படியேறியது. ஃபோர்னெபுவில் தலைமையகம் வைத்திருக்கும் கம்பனி டப்ளினுக்கு ஏன் போனது? விமானங்களை வைத்திருந்த துணை நிறுவனங்கள் அயர்லாந்தில் பதிவானவை, விமானக் குத்தகைக்காரர்களோடு பேரம் பேச வேண்டிய இடமும் அதுதான். அந்தத் துணை நிறுவனங்களோடு தொடர்புடைய நிறுவனம் என்ற வகையில் தாய்க் கம்பனியையும் அயர்லாந்துச் சட்டம் உள்ளே எடுத்துக்கொண்டது.

உங்கள் நண்பர் இந்த இடத்தோடு கதையை நிறுத்திவிட்டார். டப்ளினில் வாங்கிய பாதுகாப்பை மட்டும் வைத்துக்கொண்டு ஒஸ்லோவில் தூங்க முடியவில்லை. டிசம்பர் 8 இல் அதே கம்பனி ஒஸ்லோ நீதிமன்றத்திலும் மறுசீரமைப்புக்கு விண்ணப்பித்தது. கொரோனாவுக்காக 2020 மே மாதம் அவசரமாக நிறைவேற்றிய தற்காலிக மறுசீரமைப்புச் சட்டம் அதற்குக் கைகொடுத்தது. ஒரே கம்பனி, ஒரே கடன், இரண்டு நீதிமன்றம், இரண்டு தடவை வாக்கெடுப்பு, இரண்டு நாட்டுச் சட்டத்தரணிகளுக்கும் கட்டணம். 2021 மார்ச் 26 இல் டப்ளின் ஒப்புதல் தந்தது. ஏப்ரல் 12 இல் ஒஸ்லோ தந்தது. மே 26 இல் கம்பனி வெளியே வந்தது. 6 பில்லியன் குரோனர் புதிய மூலதனம் திரட்டினார்கள். தொலைதூரப் பறப்பை அந்த ஜனவரியிலேயே மூடிவிட்டார்கள்.

ஆகவே அந்தக் கதையில் வங்குரோத்துக்கு எல்லை இல்லாமல் போகவில்லை. எல்லையில் நின்று இரண்டு பக்கமும் தனித்தனியாகக் கட்டணம் கட்டித்தான் கடந்தார்கள். எஸ்.ஏ.எஸ். விமானக் கம்பனிக்கும் இதே அனுபவந்தான். 2022 ஜூலையில் நியூயார்க்கில் தொடங்கிய நடவடிக்கை, 2024 இல் ஸ்டொக்ஹோமிலும் தனியாக ஒரு மறுசீரமைப்பை நடத்தித்தான் முடிந்தது. அவர்களுக்கு அது கட்டுபடியானது. உங்களுக்கும் மனைவிக்கும் ஆகாது.

இந்தியப் பக்கத்திலும் ஒரு விமானம்தான் பாடம். 2019 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் ஸ்கிபோல் விமான நிலையத்தில் நின்ற ஜெட் ஏர்வேஸின் போயிங் 777 ஒன்றை, காசு வரவேண்டிய ஐரோப்பிய சரக்கு நிறுவனம் ஒன்று பிடித்து வைத்தது. மே மாதம் நெதர்லாந்து நீதிமன்றம் கம்பனியை வங்குரோத்து என்று அறிவித்தது. ஜூனில் மும்பைத் தீர்ப்பாயம் தன் நடவடிக்கையைத் தொடங்கி, நெதர்லாந்து உத்தரவைச் செல்லாது என்று ஒதுக்கியது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம்தான் இரண்டு நாட்டு அதிகாரிகளையும் பேசவைத்து, செப்டம்பர் 26 இல் ஒரு எல்லை கடந்த இணக்க ஏற்பாட்டை அங்கீகரித்தது. சட்டம் சொல்லாததை நீதிமன்றம் செய்துகாட்டிய தருணம் அது. எனக்கு அந்த உத்தரவின்மீது மரியாதை உண்டு. ஆனால் ஒவ்வொரு திருப்பூர்க் கம்பனிக்கும் அப்படியொரு ஏற்பாட்டை யார் உட்கார்ந்து எழுதுவார்கள்?

இந்தியச் சட்டத்தில் 234, 235 என்று இரண்டு பிரிவுகள் உண்டு. வெளிநாடுகளோடு தனித்தனி ஒப்பந்தம் செய்துகொண்டால்தான் அவை வேலை செய்யும். மாதிரிச் சட்டத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று 2018 அக்டோபரிலேயே அரசின் குழு பரிந்துரைத்தது. 2025 ஆகஸ்டில் மக்களவைக்கு வந்த திருத்த மசோதாவில், எல்லை கடந்த வங்குரோத்துக்கு விதி செய்யும் அதிகாரத்தை அரசுக்குத் தரும் பிரிவு இருந்தது. நோர்வே உட்பட்ட எஃப்டா நாடுகளோடு இந்தியா செய்த வர்த்தக ஒப்பந்தம் அதே ஆண்டு அக்டோபர் 1 இல் நடைமுறைக்கு வந்தது. சரக்குப் பெட்டி வருவதற்கான பாதையை அகலமாக்கிவிட்டு, பெட்டி வராதபோது என்ன செய்வது என்பதைச் சிறு வணிகர்களின் தலையில் விட்டிருக்கிறார்கள். இது எனக்குச் சரியாகப்படவில்லை. இரண்டு நாடுகளும் அந்த மாதிரிச் சட்டத்தை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று இங்குள்ள கூட்டங்களில் நான் தொடர்ந்து சொல்லிவருகிறேன்.

ஒஸ்லோவிலேயே அவர்களைக் கொன்கூர்ஸ் ஆக்கலாமா? முடியாது. நோர்வேச் சட்டம் கடனாளியின் தொழில் எங்கிருந்து நடக்கிறது என்று பார்க்கும். தறியும் தையலும் திருப்பூரில், வங்கிக் கணக்கு திருப்பூரில், இயக்குநர்கள் திருப்பூரில். ஒஸ்லோ நீதிமன்றம் அதைக் கையிலெடுக்காது. எடுத்தாலும், இங்கே நியமிக்கும் வங்குரோத்து நிர்வாகியான பூஸ்டீரருக்கு அங்குள்ள ஒரு ஊசியைக்கூடத் தொட அதிகாரம் இருக்காது.

சரி, இனித் திருப்பூர். ஏஜென்ட் சொன்ன மஞ்சள் நோட்டீசும் உங்களுக்கு வந்த மின்னஞ்சலும் ஒன்றல்ல. கொங்குநாட்டில் மஞ்சள் நோட்டீஸ் என்பது பொதுவாக, தனியாள் அல்லது கூட்டாளிகள் நடத்தும் நிறுவனம் பழைய 1920 ஆம் ஆண்டு மாகாண நொடிப்புச் சட்டத்தின்கீழ் உள்ளூர் நீதிமன்றத்தில் கொடுக்கும் மனு, ஐ.பி. கொடுப்பது என்றும் சொல்வார்கள். என்.சி.எல்.டி. நடவடிக்கை பதிவுசெய்த கம்பனிகளுக்கானது. பேச்சுவழக்கில் இரண்டையும் ஒரே பெயரால் அழைக்கிறார்கள். உங்கள் ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் விற்பனையாளர் பெயருக்குப் பின் பிரைவேட் லிமிடெட் என்று இருக்கிறதா பாருங்கள். திருப்பூரில் ஒரே குடும்பம் ஒரே வளாகத்தில் ஒரு கம்பனியும் ஒரு கூட்டு நிறுவனமும் சேர்த்து நடத்துவது சாதாரணம். நீங்கள் காசு அனுப்பிய கணக்கு கம்பனியுடையதா, கூட்டு நிறுவனத்துடையதா? கூட்டு நிறுவனத்துடையது என்றால் கதை மாறும்: என்.சி.எல்.டி. தடை கம்பனிக்குத்தான், கூட்டாளிகளோ தங்கள் சொந்தச் சொத்தாலும் பொறுப்பு. வங்கி தந்த ஸ்விஃப்ட் தாளில் பெறுநரின் பெயரை எழுத்தெழுத்தாக வாசியுங்கள். உங்கள் வழக்கில் மிக முக்கியமான கடதாசி அதுதான் என்று நினைக்கிறேன்.

கம்பனிதான் என்றால், நீங்கள் நிரப்ப வேண்டியது 'பி' படிவம், செயல்பாட்டுக் கடனுக்கானது. முற்பணம் கொடுத்தவர் கடன்காரரா, அவர் பொருள் வாங்க வந்தவர்தானே என்று அங்கே யாராவது தட்டிக்கழித்தால், உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரி 4 இல் தந்த தீர்ப்பைச் சுட்டிக்காட்டுங்கள். சென்னை மெட்ரோ வேலைக்கு விளக்குகள் வாங்கக் கொடுத்த 50 இலட்சம் ரூபாய் முற்பணம்பற்றிய வழக்கு அது. கன்சாலிடேட்டட் கன்ஸ்ட்ரக்‌ஷன் நிறுவனத்துக்கும் ஹிட்ரோ எனர்ஜிக்கும் இடையிலானது. பொருளுக்காகக் கொடுத்த முற்பணமும் செயல்பாட்டுக் கடன்தான் என்று நீதிமன்றம் சொன்னது. வெளிநாட்டார் என்று தள்ளினால், 2017 டிசம்பரின் மக்வாரி வங்கி வழக்கு இருக்கிறது. வெளிநாட்டுக் கடன்காரருக்கு இந்திய வங்கியின் சான்று இல்லை என்பதற்காகக் கதவை மூடக்கூடாது என்று தீர்ந்தது. மாதிரிச் சட்டம் கேட்கும் சம மதிப்பை இந்தியா இந்த ஒரு விடயத்திலாவது தன் தீர்ப்பால் தந்திருக்கிறது.

படிவத்தோடு ஒப்பந்தம், புரோஃபோமா விலைப்பட்டியல், ஸ்விஃப்ட் தாள், நூல் விலை சாயப்பட்டறை என்று அவர்கள் அனுப்பிய மின்னஞ்சல்கள் எல்லாவற்றையும் இணையுங்கள். தாமதத்துக்கு அவர்கள் சொன்ன சாட்டுகளே, காசு வந்தது என்பதற்கு அவர்கள் வாயால் தந்த சாட்சி. குரோனரை ரூபாயாக மாற்றுவது நடவடிக்கை தொடங்கிய நாளின் உத்தியோகபூர்வ மாற்று வீதத்தில். அறிவிப்பில் சொன்ன தேதி கடந்திருந்தாலும், நடவடிக்கை தொடங்கிய நாளில் இருந்து 90 நாள், அல்லது மீட்புத் திட்டங்களைக் கேட்டு அழைப்பு விடும் நாள், இரண்டில் எது பிந்தியதோ அதுவரை அனுப்பலாம். ஆனாலும் கடைசி நாள்வரை இழுக்காதீர்கள்.

வரிசையில் நீங்கள் நிற்கும் இடத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முன்னால் வங்கிகள், தொழிலாளர்கள். முடிவெடுக்கும் கடன்காரர் குழுவில் வாக்கு வங்கிகளுடையது. உங்களைப் போன்றவர்களுக்குப் பொதுவாக வாக்கில்லை. 6 இலட்சமும் திரும்பி வரும் என்று வீட்டில் சொல்லிவைக்காதீர்கள். ஒரு பகுதி வந்தாலே நல்லது. வராத பகுதியை இங்கே உங்கள் கணக்கில் இழப்பாக எழுத அந்த நடவடிக்கையின் கடதாசிகள் பயன்படும், கணக்காளர் நண்பரிடம் கேட்க வேண்டிய கேள்வி அது.

நீங்களாகவே அவர்களை என்.சி.எல்.டி.க்கு இழுத்திருக்க முடியுமா என்றால், அதுவும் கடினம். 2020 மார்ச் முதல் குறைந்தபட்ச நிலுவை 1 கோடி ரூபாய். உங்களுடையது அதில் ஏறத்தாழப் பாதிதான்.

அடுத்த ஒப்பந்தம் எழுதும்போது, நடுத்தீர்ப்பு வரியைத் திருத்துவதைவிட முற்பணத்தைத் திருத்துங்கள். முற்பணத்துக்கு ஈடாக இந்திய வங்கியின் உத்தரவாதம் கேளுங்கள். வங்குரோத்துத் தடை கடனாளியைத்தான் காக்கும், உத்தரவாதம் கொடுத்தவரைக் காக்காது என்று அதே 14 ஆம் பிரிவிலேயே இருக்கிறது. கம்பனி விழுந்த மறுநாளும் வங்கியிடம் கேட்கலாம். சிறிய ஏற்றுமதியாளருக்கு அது பாரம் என்று அவர்கள் சொல்வார்கள், பொய்யல்ல. அப்படியானால் முற்பணத்தைச் சிறு துண்டுகளாக்குங்கள்: துணி வெட்டியதும் ஒன்று, பொதி கட்டியதும் ஒன்று, கப்பல் ஏறியதும் மீதி. நடுத்தீர்ப்பு வரியில் இடம் ஒஸ்லோ, மொழி ஆங்கிலம், நடுத்தீர்ப்பாளர் ஒருவர் என்று மூன்றையும் எழுதினால் போதும். நிறுவனம் ஒன்றின் விதிகளின்கீழ் நடத்த விரும்பினால் 1983 முதல் ஒஸ்லோ வர்த்தக சபைக்கு ஒரு நடுத்தீர்ப்பு நிறுவனம் இருக்கிறது.

இன்று செய்ய வேண்டிய இன்னொன்று. நடவடிக்கை தொடங்கியதும் கம்பனி இருக்கும் ஊரில் வெளிவரும் ஓர் ஆங்கில நாளிதழிலும் ஒரு வட்டார மொழி நாளிதழிலும் பொது அறிவிப்புப் போடவேண்டும் என்பது விதி. ஆகவே திருப்பூரில் அது தமிழிலும் வந்திருக்கும். ஏஜென்டிடம் சொல்லி அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கம்பனியின் சரியான பெயர், தொடங்கிய நாள், கடைசித் தேதி, படிவம் போகவேண்டிய மின்னஞ்சல் முகவரி நான்கும் அதில் இருக்கும். உங்களுக்கு வந்த மின்னஞ்சலோடு அவற்றை ஒத்துப் பார்த்துவிட்டு, படிவத்தை அந்த முகவரிக்கு அனுப்புங்கள்.